பழைய வண்டி, சொந்தக் கை – 14: அடிக்காத டேப்பெட்

பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் புகார்களில் "டேப்பெட் அடிக்குது" என்பதற்குத் தனி இடம் உண்டு. அவர் பானெட்டைத் தூக்குவார், ஓடுகிற என்ஜின் பக்கம் காதைக் கொடுப்பார், கவரைக் கழற்றி ஸ்க்ரூக்களை ஆளுக்குக் கொஞ்சமாகத் திருகுவார். சத்தம் அடங்கும். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் திருப்தி. இந்த வாரம் நான் சொல்ல வருவது அந்தத் திருப்திக்கு எதிரானது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருக்கும் வால்வு இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டியது காது அல்ல, ஃபீலர் கேஜ். அந்த வேலைக்குப் பொருத்தமான இடமும் ஒர்க்‌ஷாப் அல்ல, ராத்திரி முழுக்க வண்டி அசையாமல் நின்ற நம் வீட்டு வாசல்தான்.

1983 டிசம்பரில் முதல் வண்டி கைமாறி, 2014 ஜனவரியில் தயாரிப்பு நிற்கும் வரை ஓடிய கதை மாருதி 800-உடையது. அதில் கார்புரேட்டர் காலத்து என்ஜினைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். 796 சி.சி., மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு ஓர் இன்லெட், ஓர் எக்ஸாஸ்ட் என மொத்தம் ஆறு வால்வு. மேலே கேம் ஷாஃப்ட், அது தள்ளும் ராக்கர் ஆர்ம், ராக்கரின் முனையில் ஒரு ஸ்க்ரூ, அதைப் பிடித்துவைக்கும் லாக் நட். ஸ்க்ரூவின் நுனிக்கும் வால்வின் தண்டுக்கும் நடுவே, என்ஜின் குளிர்ந்திருக்கையில், 0.13 முதல் 0.18 மி.மீ. வரை இடம் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் கடைத் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. என்றால் இது எவ்வளவு சின்ன சமாச்சாரம் என்று புரியும். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வின் உயிர் இதில்தான் இருக்கிறது. எரிந்த வாயு வெளியேறும் வழியில் நிற்கும் அந்த வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் சீட்டோடு ஒட்டி உட்கார்ந்துதான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. 3000 ஆர்.பி.எம்.மில் ஒரு வினாடிக்கு 25 தடவை திறந்து மூடும் வால்வு அது. ஒவ்வொரு முறையும் முழுதாக உட்கார்ந்தால்தான் பிழைக்கும்.

ஆகவே இடைவெளி கூடுவதும் குறைவதும் சமமான குற்றங்கள் அல்ல. கூடினால் வால்வு சற்றுத் தாமதமாகத் திறக்கும், சற்று முன்னதாக மூடும், இழுவையில் ஒரு துளி குறையும், ராக்கரும் தண்டும் மோதிக்கொள்வதால் நாளடைவில் தேயும். இத்தனையும் மெதுவாக நடப்பவை, போதாக்குறைக்குச் சத்தம் போட்டு ஊரைக் கூட்டுபவை. குறைந்தால் நிலைமை வேறு. ஸ்க்ரூ தண்டை அழுத்திக்கொண்டே இருக்க, வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. சூடு இறங்க வழியில்லை. கசியும் வாயு விளிம்பை அரிக்கத் தொடங்கும். சிலிண்டரில் கம்ப்ரெஷன் போய், ஐட்லிங்கில் மிஸ்ஸிங் வரும்போதுதான் ஓட்டுபவருக்குத் தெரியும். அதற்குள் வால்வு கருகியிருக்கும். மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போச்சு. இவ்வளவும் நடந்து முடியும் வரை டேப்பெட் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. சத்தத்தை வைத்து வைத்தியம் பார்ப்பதில் உள்ள கோளாறு இதுதான்: ஆபத்தில்லாத பிழையைக் காது பிடித்துவிடும், ஆபத்தான பிழையைக் கோட்டைவிடும்.

முப்பது வருஷம் இதே வேலை பார்க்கும் மெக்கானிக்கின் காதைக் குறைசொல்லலாமா என்று கேட்பீர்கள். அவர் கைத்திறனில் எனக்குச் சந்தேகமில்லை. சிக்கல் அவரிடம் வண்டி வந்து சேரும் விதத்தில் இருக்கிறது. ஓட்டிக்கொண்டுதானே போகிறோம்? போய் நிற்கும்போது என்ஜின் கொதிக்கிறது, அது ஆற அரைநாள் ஆகும், அதுவரை காத்திருக்க அவருக்கும் நேரமில்லை, நமக்கும் பொறுமையில்லை. சூடான என்ஜினுக்கும் கையேட்டில் தனி எண் இருக்கிறதே என்றால், இருக்கிறது. அது குளிர்ந்த நிலையின் எண்ணைவிடச் சுமார் 0.1 மி.மீ. அதிகம். சூடேறினால் எல்லாம் விரிந்து இடைவெளி குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த என்ஜினில் அது தலைகீழ். ஹெட் அலுமினியம், வால்வு உருக்கு. அலுமினியம் அதிகம் விரிவதால் சூட்டில் இடைவெளி கூடுகிறது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். சூடான என்ஜினில் 0.15 வைத்தால், மறுநாள் காலை அது 0.05 ஆகிவிடும். ஸ்டார்ட் செய்ததும் முதலில் சூடேறி நீள்வது எக்ஸாஸ்ட் வால்வு. ஹெட் பின்னால்தான் வரும். அந்தச் சில நிமிஷங்களில் 0.05-ம் கரைந்துபோகும். பாதி ஆறிய என்ஜினுக்கோ எந்த எண்ணும் பொருந்தாது. விடிகாலையில் தொட்டால் சில்லென்றிருக்கும் ஹெட் ஒன்றுதான் சந்தேகமில்லாத ஹெட், அது கிடைப்பது வீட்டில் மட்டும்.

இன்னோர் ஆட்சேபம் இதைவிட நியாயமானது: கேஜ் வைத்துச் சரியாகச் செட் செய்தும் சிலநேரம் சத்தம் போகாது, அப்புறம் கேஜை நம்பி என்ன பயன்? உண்மைதான். பல வருஷம் ஓடிய ராக்கரின் ஸ்க்ரூ நுனி, வால்வு தண்டு மோதி மோதிக் குழிந்திருக்கும். கேஜின் தட்டையான பிளேடு குழிக்கு மேல் பாலம்போட்டு நிற்குமே தவிர குழிக்குள் இறங்காது. பிளேடு 0.15 என்று சொல்ல, உள்ளே அசல் இடைவெளி 0.20-ஐத் தாண்டியிருக்கலாம். ஆனால் இதற்குத் தீர்வு சத்தம் நிற்கும்வரை இறுக்குவதல்ல. ஸ்க்ரூவைக் கழற்றி நுனியை நகத்தால் தடவிப் பாருங்கள், குழி தட்டுப்பட்டால் புதுசு போடுங்கள். போடும்வரை லேசாக அடித்துக்கொண்டு ஓடட்டும். எக்ஸாஸ்டை எப்போதும் 0.18 பக்கமாக வைப்பதே என் கட்சி.

கேஸ் கிட் போட்ட வண்டிகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஒரு காலத்தில் பெட்ரோலில் கலந்த ஈயம் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெல்லிய காப்பாகப் படிந்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு ஈயம் போய்விட்டது. எல்.பி.ஜி. அதற்கும் மேலே உலர்ந்த எரிபொருள். சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் ஏறுகிறது, தண்டு ராக்கரை நெருங்குகிறது, இடைவெளி சுருங்குகிறது. "கேஸுக்கு மாத்தினதுல இருந்து என்ஜின் சத்தமே இல்லாம ஓடுது" என்று யாராவது பெருமைப்பட்டால், அவர் வண்டியைத்தான் முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

தெரியாதவன் கை வைத்தால் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியாதா? முடியலாம், தப்பான நிலையில் நிற்கும் வால்வை அளந்தால். அதைத் தவிர்ப்பது கடினமில்லை. பேட்டரியின் மைனஸைக் கழற்றி, ஸ்பார்க் பிளக் மூன்றையும் எடுத்துவிட்டால் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு என்ஜினைச் சுலபமாகச் சுற்றலாம், ஓடும் திசையில் மட்டும். டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டார் எந்த சிலிண்டரின் வயரைக் காட்டுகிறதோ, அந்த சிலிண்டரின் இரண்டு ராக்கரும் விரலால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். அப்போதுதான் அது கம்ப்ரெஷன் உச்சியில் இருக்கிறது என்று பொருள். அந்த இரண்டையும் அளந்துவிட்டு 240 டிகிரி சுற்றினால் அடுத்த சிலிண்டர், வரிசை 1-3-2. (இலங்கையில் இன்றும் ஓடும் மோரிஸ் மைனர்களுக்கு வேறு கணக்கு: எட்டு வால்வில் எது முழுதாகத் திறந்திருக்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால், அளக்க வேண்டிய வால்வு. முதலாவது திறந்திருந்தால் எட்டாவது. இடைவெளி 0.30 மி.மீ.) பிளேடு வழுக்கிக்கொண்டும் போகக் கூடாது, சிக்கிக்கொண்டும் நிற்கக் கூடாது, எண்ணெய் தடவி இழுக்கையில் மெல்லப் பிடித்து வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே ஒரு நூல் திரும்பிவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்காத வால்வு, அளக்காத வால்வுதான். கவரை மூடுகையில் பேக்கிங் பழசாகி விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். போல்ட்டை வெறிபிடித்து முறுக்கினால் ஆயில் கசிவு நிற்காது, கூடும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்க்ரூவைத் தொடும் முன், இருக்கிற இடைவெளி ஆறையும் அளந்து தேதியோடும் கிலோமீட்டரோடும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த ஒர்க்‌ஷாப்பும் உங்களுக்காக இதைச் செய்யப் போவதில்லை. அடுத்தடுத்த முறைகளில் ஒரே எக்ஸாஸ்ட் மட்டும் திரும்பத் திரும்ப இறுகிக்கொண்டே வந்தால், ஸ்க்ரூவைத் தளர்த்திக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. அந்த சீட் முடிந்துவிட்டது; ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பியாக வேண்டும்.