கருவிக்குள்ளேயே ஒலிபெருக்கி: வகுப்பறையில் ஒரு செயல்திட்டம்

மாண்டலினின் ஒலி மீட்டியவுடன் மங்கிவிடும். நீண்ட கமகங்களுக்கு அது போதாது. யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினைக் கையாண்டு, அதைக் கர்நாடக இசைமேடையில் நிலைநிறுத்தினார். மெல்லிய ஒலிக்கு மின்னணுவியல் என்ன செய்யும் என்பதற்கு இது நல்ல சான்று.

மல்லசமுத்திரம் போன்ற ஊர்களின் பள்ளிகளிலும் இதைச் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். மரப்பெட்டியில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டினால் கருவி தயார். மற்ற பொருள்கள் சேலம், திருச்செங்கோடு மின்னணுக் கடைகளில் கிடைக்கும்.

எப்படி வேலை செய்கிறது?

1. கம்பியைத் தாங்கும் குதிரைக்கு அருகே பீசோ வில்லையை ஒட்டுங்கள். அதிர்வின் அழுத்தத்தை அது மின்னழுத்தமாக மாற்றும். இவ்விளைவை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர்.

2. எல்.எம்.386 சில்லு அந்தச் சிறு மின்னழுத்தத்தை 20 மடங்காக்கும். அதன் 1, 8 ஆகிய கால்களுக்கிடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைத்தால் 200 மடங்காகும்.

3. நான்கு பென்சில் செல்கள் 6 வோல்ட் தரும். 8 ஓம் ஒலிபெருக்கியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வாட் கிடைக்கும். ஒரு வகுப்பறைக்கு இது போதும்.

கவனிக்க வேண்டியவை

பீசோவை நேரடியாகச் சில்லுடன் இணைத்தால் ஒலி தகரம்போல் கேட்கும். சில்லின் உள்ளீட்டு மின்தடை 50 கிலோஓம். வில்லையின் மின்தேக்குத்திறன் சுமார் 20 நானோஃபாரட். இவ்விரண்டும் சேரும்போது ஏறத்தாழ 160 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள சுரங்கள் மெலிந்துவிடும். ஆண் பாடகர்களின் ஆதார ஷட்ஜம் பெரும்பாலும் 130 ஹெர்ட்ஸை ஒட்டியது என்பதை எண்ணிப் பாருங்கள். இடையில் 1 மெகாஓம் உள்ளீடு கொண்ட ஜேஃபெட் முன்பெருக்கியை வைத்தால் இந்த எல்லை 8 ஹெர்ட்ஸாக இறங்கும். தாழ்ந்த சுரங்கள் மீண்டு வரும்.

ஒலிபெருக்கியின் அதிர்வு பெட்டி வழியே பீசோவுக்குத் திரும்பினால் ஊளைச் சத்தம் எழும். பள்ளி மைக் 'கீச்'சிடுவதற்கும் காரணம் இதேபோன்ற சுழற்சிதான். ஒலிபெருக்கிக்கு அடியில் பஞ்சு வையுங்கள். பீசோவை அதிலிருந்து தள்ளி ஒட்டுங்கள்.

வீட்டு மின்சாரத்தை இதில் எக்காரணம் கொண்டும் இணைக்கக் கூடாது. பற்றவைப்பது ஆசிரியர் மேற்பார்வையில் மட்டுமே நடக்கட்டும். மீட்டாதபோதும் சில்லு சுமார் 4 மில்லிஆம்பியர் எடுக்கும் என்பதால் சுவிட்ச் அவசியம்.

எட்டாம் வகுப்பின் மின்னியலும் ஒலியியலும் இந்த ஒரே பெட்டியில் சந்திக்கின்றன. கலைத் திருவிழாவில் மெல்ல மீட்டும் குழந்தையின் இசை, மின்தடை வந்தாலும் கடைசி வரிசைவரை கேட்கும். வில்லையை இடம் மாற்றி ஒட்டி, ஒலி ஏன் மாறுகிறது என்று மாணவர்களையே சொல்லச் செய்யுங்கள்.