திரும்பி வரும் ராக்கெட்: சிறியது மேலா, பெரியது மேலா?

பெங்களூரிலிருந்து சுமார் இருநூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சித்ரதுர்கா. அம்மாவட்டத்திலுள்ள விமானச் சோதனைத் தளத்தின் மேலே, 2024-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி காலை 7 மணி 10 நிமிடத்துக்கு ஒரு ஹெலிகாப்டர் நாலரைக் கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறக்கை முளைத்த வாகனம் ஒன்றைக் கீழே விட்டது. அதில் ஆள் இல்லை. தானே திசை பார்த்து, தானே திரும்பி, மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுபாதையைத் தொட்டது. பாரசூட்டை விரித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ஓடி நின்றது. அதன் பெயர் 'புஷ்பக்'. ராமாயணத்துப் பெயரை நம் விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த நண்பர் ஒருவர் கேட்டார்: "ராக்கெட் திரும்பி வந்தால் செலவு மிச்சம் என்கிறார்களே, அப்படியானால் சின்ன ராக்கெட்டையே திரும்பி வரச் செய்தால் போதாதா? பெரிசு எதற்கு?" கேள்வி எளிது. விடை அவ்வளவு எளிதல்ல. கோடிக் கணக்கில் மக்கள் பணம் செலவாகப் போகும் விஷயமாகையால், கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

மிஞ்சுவது எவ்வளவு?

ராக்கெட்டின் எடையில் பெரும் பகுதி எரிபொருளும், அதை எரிக்க வேண்டிய ஆக்ஸிஜனுமே. அவற்றையும் தொட்டியையும் எஞ்சினையும் கழித்துவிட்டால் செயற்கைக் கோளுக்கென மிஞ்சுவது மிகச் சொற்பம். நியூஸிலாந்தின் மாஹியா தீபகற்பத்திலிருந்து கிளம்பும் 'எலெக்ட்ரான்' என்ற சிறிய ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். உயரம் 18 மீட்டர். எடை சுமார் 13 டன். அது விண்ணில் கொண்டு சேர்ப்பது 300 கிலோ. அதாவது நூறு கிலோவுக்கு இரண்டே சொச்சம். அமெரிக்காவின் 'பால்கன்-9' ராக்கெட்டின் உயரம் 70 மீட்டர், எடை ஏறத்தாழ 549 டன். திரும்பி வர வேண்டாம் என்று விட்டுவிட்டால் 22.8 டன் தூக்கும். நூறு கிலோவுக்கு நாலு கிலோ.

இந்த வேறுபாடு எப்படி வந்தது? சிறிய பானைக்கும் பெரிய பானைக்கும் உள்ள வித்தியாசந்தான். பானையை இரு மடங்கு பெரிதாக்கினால் உள்ளே கொள்வது எட்டு மடங்காகிறது; ஆனால் காற்று வந்து மோதும் மேற்பரப்பு நாலு மடங்கே ஆகிறது. வழிகாட்டும் கணிப்பொறி, ரேடியோக் கருவி, மின்கலம் முதலியவையோ ராக்கெட் சிறியதென்பதற்காக அதே விகிதத்தில் சுருங்கிவிடுவதில்லை. தொட்டியின் தகட்டையும் ஓரளவுக்கு மேல் மெல்லியதாக்க முடியாது. ஆகவே சிறிய ராக்கெட் பிறவியிலேயே கடனாளி.

சுமைகூலி முக்கால் பணம்

இப்போது அதைத் திரும்பி வரச் செய்யவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பால்கன்-9 ராக்கெட்டின் கீழ்ப் பகுதி, சுமார் 65, 70 கிலோமீட்டர் உயரத்தில் மேற்பகுதியைப் பிரிந்து, தலைகீழாகத் திரும்பி, தன்னிடமுள்ள ஒன்பது எஞ்சின்களில் மூன்றை எரித்து வேகத்தை மட்டுப்படுத்திக்கொள்கிறது. கடைசியில் பொதுவாக ஒரே எஞ்சினை எரித்து, நான்கு கால்களை விரித்து நிற்கிறது. அந்த ஓர் எஞ்சினின் விசை கூட, காலியான தொட்டிக்கு அதிகம். அந்தரத்தில் நின்று நிதானிக்க இயலாது. தரையைத் தொடும் அதே நொடியில் வேகம் பூஜ்யமாக வேண்டும், தவறினால் நொறுங்கும். இதற்குக் கால்கள், துடுப்புகள், மீதி வைத்த எரிபொருள் எல்லாம் வேண்டும். அவ்வளவும் செயற்கைக் கோளின் இடத்தைத் தின்கின்றன. ஆயினும் பால்கன்-9, கீழ்ப் பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டே 17 டன்னுக்கு மேல் ஏற்றிச் சென்றிருக்கிறது. பெரிய குடும்பம், தர்மம் கொடுத்தும் மிஞ்சுகிறது.

ஒரு பேச்சுக்கு, திரும்பும் ஏற்பாட்டினால் 100 கிலோ சரக்கு குறைகிறது என்று கொள்வோம். 22 டன்னில் நூறு கிலோ கண்ணுக்கே தெரியாது. 300 கிலோவில் நூறு போனால் வியாபாரமே போச்சு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கென்றே சொன்னது போலிருக்கிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. எலெக்ட்ரானைத் தயாரிக்கும் 'ராக்கெட் லேப்' கம்பெனியார் முயன்றே பார்த்தார்கள். எரிபொருளை மிச்சம் வைக்க வழியில்லாததால் பாரசூட்டை நம்பினார்கள். 2020 நவம்பரில் கீழ்ப் பகுதியைக் கடலிலிருந்து மீட்டார்கள். 2022 மே மாதம், பாரசூட்டில் இறங்கி வந்ததை ஹெலிகாப்டரின் கொக்கியால் நடுவானில் பிடித்தே விட்டார்கள்! ஆனால் சுமை இழுத்த விதம் எதிர்பார்த்தபடி இல்லாததால் விமானி அதைக் கடலில் விட்டுவிட நேர்ந்தது. பிறகு ஹெலிகாப்டர் யோசனையையே கைவிட்டார்கள். மீட்ட எஞ்சின் ஒன்றை 2023 ஆகஸ்டில் மறுபடி பறக்க விட்டதுதான் அந்த முயற்சியின் பெரும் பலன்.

அந்தக் கம்பெனியின் தலைவர் பீட்டர் பெக், "பெரிய ராக்கெட் கட்டமாட்டேன், கட்டினால் என் தொப்பியைத் தின்கிறேன்" என்ற பொருளில் பேசி வந்தவர். 2021 மார்ச்சில் 'நியூட்ரான்' என்ற பெரிய ராக்கெட்டை அறிவித்தபோது, தொப்பியை மிக்ஸியில் அரைத்து வாயில் போட்டும் காட்டினார்! நியூட்ரானின் கீழ்ப் பகுதி திரும்பி வரும். சரக்கு 13 டன் என்பது திட்டம். பால்கன்-9 கம்பெனியாருங்கூட முதலில் 'பால்கன்-1' என்ற சிறியதைத்தான் கட்டினார்கள். மூன்று முறை தோற்று, 2008 செப்டம்பரில் வென்று, 2009-ல் மலேசியாவின் கோளை ஏற்றியதோடு அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

பெரிதென்றால் போதுமா?

அப்படியானால் பெரியதே மேல் என்று முடித்துவிடலாமா? அவசரப்படக்கூடாது. அமெரிக்காவின் விண்வெளி ஓடம் பெரியது. திரும்பி வந்து மீண்டும் பறந்தது. 1981 முதல் 2011 வரை 135 முறை போயிற்று. ஆனால் எதிர்பார்த்த மலிவு வரவே இல்லை. ஒவ்வொரு முறை இறங்கிய பின்பும் ஆயிரக் கணக்கான வெப்பத் தடுப்பு ஓடுகளைச் சோதிப்பது, எஞ்சின்களைக் கழற்றிப் பார்ப்பது என்று மாதக் கணக்கில் பழுது பார்த்தார்கள். இரண்டு ஓடங்களும் பதினான்கு உயிர்களும் பலியான சோகம் வேறு.

பால்கன்-9 எதனால் வென்றது? முதன்முதலில் 2015 டிசம்பரில் தரையிறங்கி, 2017 மார்ச்சில் பழைய கீழ்ப் பகுதியோடு மீண்டும் பறந்தது. இன்று ஒரே கீழ்ப் பகுதி முப்பது தடவைக்கு மேல் போய் வந்திருக்கிறது. 2024-ல் மட்டும் பால்கன்-9 ராக்கெட்டுகள் 130 தடவைக்கு மேல் கிளம்பின. ஓயாமல் ஓடும் பஸ்ஸுக்குத்தானே முதல் கட்டும்? அந்த ஓட்டத்தில் பெரும் பகுதி, அதே கம்பெனியின் ஸ்டார்லிங்க் கோள்களுக்காக. சரக்கையும் தானே உண்டாக்கிக்கொண்டார்கள் என்பதே ரகசியம்.

பஸ் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2021 ஜனவரியில் ஒரே பால்கனில் 143 கோள்கள் ஏறின. நமது பி.எஸ்.எல்.வி. 2017 பிப்ரவரியில் 104 கோள்களை ஏற்றி உலகை வியக்க வைத்தது. கூட்டத்தோடு போனால் கட்டணம் குறைவு. ஆனால் பஸ் போகிற ஊருக்கே போக வேண்டும், கிளம்பும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். தன் வீட்டு வாசலிலேயே இறங்க விரும்புபவன் ஆட்டோவுக்கு அதிகம் கொடுக்கிறான். சிறிய ராக்கெட் அந்த ஆட்டோ. அதற்கு என்றும் கிராக்கி உண்டு.

நம் நிலை

நமது சிறிய ராக்கெட் எஸ்.எஸ்.எல்.வி. 34 மீட்டர் உயரம், 120 டன் எடை. 500 கிலோவை 500 கிலோமீட்டர் உயரத்தில் வைக்கும். 2022-ல் முதல் முறை தவறியது; 2023-லும் 2024-லும் வென்றது. அதன் மூன்று அடுக்குகளும் திட எரிபொருள். சில நாட்களில் தயார் செய்யலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் திட எரிபொருள் வாணம் போல. பற்ற வைத்தால் அணைத்து மறுபடி ஏற்ற முடியாது. எனவே பால்கன் போல் எஞ்சினை எரித்துக்கொண்டு இறங்குவது அதனிடம் நடவாத காரியம். அது போய்விட்டால் போனதுதான்.

இதற்காகவே தசராவுக்குப் பேர்பெற்ற குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் இலங்கை குறுக்கிடுகிறது. சுற்றிக்கொண்டு போகவேண்டும். அந்தச் சுற்றைப் பெரிய ராக்கெட் தாங்கும், சிறியது தாங்காது. இங்கும் அதே கதைதான். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் இதற்காக எடுக்கப்பட்டிருக்கிறது. நிலம் கொடுத்தவர்களின் உறவினர்கள் இவ்வூரிலும் இருக்கக்கூடும். தளம் சும்மா கிடக்காமல் இயங்க வேண்டும் என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

மறுபுறம், 2024 செப்டம்பரில் மத்திய மந்திரிசபை 8,240 கோடி ரூபாயில் புதிய பெரிய ராக்கெட்டுக்கு ஒப்புதல் அளித்தது. தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு 30 டன் தூக்கும். அதன் கீழ்ப் பகுதி திரும்பி வரும். பௌதிகக் கணக்குப்படி இது சரியான முடிவு. ஆனால் 2023-ல் நம் நாட்டிலிருந்து கிளம்பிய ராக்கெட்டுகள் மொத்தமே ஏழு. அந்த எண்ணிக்கையிலேயே நின்றுவிட்டால், முப்பது முறை பறக்கக்கூடிய ஒரே கீழ்ப் பகுதி நாலு வருஷத்துக்குப் போதும்! தொழிற்சாலை என்ன செய்யும்? தொழிலாளி என்ன செய்வான்? ராக்கெட்டைக் கட்டுவதோடு, அதில் ஏற்றச் சரக்கையும் தேட வேண்டும்.

ஆக, நண்பரின் கேள்விக்கு விடை இதுதான். சிறியது வேண்டும், அது திரும்பி வராவிட்டால் குடிமுழுகிவிடாது. மலிவாகவும் விரைவாகவும் கட்டினால் போதும். பெரியது திரும்பி வரத்தான் வேண்டும்; ஆனால் அடிக்கடி போனால்தான் திரும்பி வருவதில் லாபம். இனி நம் ராக்கெட் பத்திரமாக இறங்கியது என்ற செய்தியைப் படிக்கும்போது, கை தட்டிய பிறகு ஒரு கேள்வியையும் கேட்டு வைப்போம்: "அடுத்த பயணம் எப்போது?"