புலம்பெயர் மீனும் புலவர் விதியும்

ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்திற் காணப்படின், அவற்றை வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளலாம் என்பது தொல்காப்பியர் அகத்திணையியலில் வகுத்த விதி. செய்யுளுக்கு இது சிறந்த விருந்தோம்பல். நீர்நிலைகளுக்கோ இவ்விதி பொருந்துவதில்லை. கண்ணாடித் தொட்டியிலிருந்து வாவிக்குட் புகும் அயல்நாட்டு மீன், அவ்வாவிக்குப் பிறந்த மீன்களின் இரையையும் உறைவிடத்தையும் கவர்ந்துகொள்ளவும் கூடும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தென்கிழக்காசியாவிலிருந்து அலங்கார மீனாக வந்த கத்திமீன், இலங்கையின் மேற்குப் பகுதி நீர்நிலைகளிற் பரவியது. தொட்டிச் சுவரிற் படியும் பாசியைத் தின்னுமெனக் கொணர்ந்த தென்னமெரிக்க உறிஞ்சுவாய் மீன் நமது நீர்த்தேக்கங்களிற் பெருகியது. தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் அயல்நாட்டுப் பெருவிரால் மிகுந்து, மீனவரின் பிடியைக் குறைத்த செய்தி 2025 இல் நாடறிந்ததாயிற்று. தொட்டிக்கு அடங்காது வளர்ந்தபின் எவரோ நீரில் விட்டிருக்கலாம் என்பதே அங்கும் எழுந்த ஐயம்.

இத்தீங்கினைத் தடுக்கச் சட்டங்கள் இருவகைப்படும். தீயவை எனத் தெரிந்தவற்றை மட்டும் விலக்குவது ஒருவகை. தீங்கற்றவை என ஆராய்ந்து தெளிந்தவற்றை மட்டும் அனுமதிப்பது மற்றொரு வகை. இரண்டாவதை நாடி அமெரிக்க நாடாளுமன்றத்தில் 2009 இல் ஒரு மசோதா கொணரப்பட்டது. பட்டியலில் இடம்பெறாத உயிரினத்தை இறக்குமதி செய்தலும், இனம்பெருக்கலும், விற்றலும் குற்றமாகும் என்றது அது. மீன் வளர்ப்போரும் வணிகரும் திரண்டெழுந்து எதிர்த்தனர், மசோதா சட்டமாகவில்லை. 2022 இல் அதனையொத்த ஏற்பாடு பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும், இறுதிச் சட்டத்தில் இடம்பெறவில்லை.

வளர்ப்போரின் முறையீட்டையும் புறந்தள்ளலாகாது. ஆயிரக்கணக்கான இனங்களை ஒவ்வொன்றாக ஆராய ஆண்டுகள் பல செல்லும்; அதுவரை தீங்கற்ற சிறுமீனும் குற்றப்பொருளாய் நிற்கும். நம் நாட்டிலோ கப்பி முதலிய சிறுமீன்களை வீட்டுத் தொட்டிகளில் வளர்த்து, ஏற்றுமதியாளருக்கு விற்று வாழும் குடும்பங்கள் பல. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டமும், அதன்கீழ் எழுந்த ஒழுங்குவிதிகளும் உயிர்மீன் வரவையும் செலவையும் கட்டுப்படுத்துகின்றன. அவற்றை இறுக்குவதாயின், வளர்ப்போர், மீனவர், அறிஞர் ஆகிய முத்திறத்தாரையும் கேட்டறிந்தே செய்தல் முறை.

மேலும், துறைமுகத்திற் காவல் வைத்தும் ஊர்க் கால்வாயிற் காவல் இல்லையேற் பயன் என்னை? சிங்கமீன் நமது இந்து சமுத்திரத்துக்கும் உரியது. இங்கே எவர்க்கும் பகையன்று. அதுவே அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 1985 இல் முதன்முதற் காணப்பட்டு, பின்னர் அத்திலாந்திக் கடலிற் பெருகி, பவளப்பாறை மீன்களை அழிக்கின்றது. குற்றம் மீனுடையதன்று, இடம்பெயர்த்த கையினுடையது.

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, பாலமீன்மடு முகத்துவாரத்தாற் கடலோடு கலப்பது. மாரியில் வெள்ளம் புகுந்து உவர்ப்புக் குறையும், கோடையில் மிகும். உவர்நீரே நன்னீர் மீன்களைத் தடுத்துவிடும் என எண்ணி ஆறுதல் கொள்ளுதல் தகாது. 1952 இல் இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியா நன்னீரிலும் உவர்நீரிலும் வாழ வல்லதன்றோ? மேலும், வாவியிற் கலக்கும் ஆறுகளும் அவற்றைச் சூழ்ந்த குளங்களும் நன்னீரே.

தொட்டி மீனை வாவியில் விடுவோர் பெரும்பாலும் தீயோர் அல்லர். கொல்ல மனமின்றி, உயிர்க்கு விடுதலை அளிக்கின்றோம் என்று எண்ணியே விடுகின்றனர். ஓர் உயிர்க்குக் காட்டும் அவ்விரக்கத்தால் வாவியின் பல உயிர்க்கும், அவற்றை நம்பிய மீனவர் குடிகளுக்கும் இடர் நேர்கின்றது. வளர்க்க இயலாத மீனைக் கடைக்காரரிடமோ மற்றொரு வளர்ப்போரிடமோ ஒப்படைத்தலே முறை. பாடசாலையில் மீன்தொட்டி வைத்திருக்கும் ஆசிரியர், மீனின் பெயரோடு அதன் தாய்நிலத்தையும் மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்தல் வேண்டும். ‘மீன்பாடும் தேனாடு’ என்று பெருமை பேசும் நாம், பாடும் மீனுக்கு அதன் நீரை விட்டுவைத்தல் கடன்.