‘சதி’ என்னும் சொல்லின் இருபொருள்: ‘சதி லீலாவதி’ (1995) திரைப்படத்தின் நகைச்சுவை

தமிழில் ‘சதி’ என்னும் சொல் கற்புடைய மனைவியையும் குறிக்கும், சூழ்ச்சியையும் குறிக்கும். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’ (1936) முதற்பொருளைச் சார்ந்தது. குடியால் நிலைகுலைந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டம்வரை சென்று அல்லலுறும் கணவனின் மனைவியே அதன் தலைவி. 1995இல் பாலு மகேந்திரா அதே தலைப்பில் இயக்கிய நகைச்சுவைப் படத்தில் இரண்டாம் பொருளும் உடன் சேர்கிறது.

இரு படங்களின் வேர்களும் ஆங்கிலப் பெண் எழுத்தாளர்களிடம் சென்று சேர்வது வியப்பிற்குரியது. முன்னதற்கு எஸ். எஸ். வாசனின் புதினம் வழியாக எல்லன் வுட்டின் ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ (1860) மூலமாகிறது. பின்னதற்கு ‘ஷீ-டெவில்’ (1989) என்னும் அமெரிக்கப் படம் வழியாக ஃபே வெல்டனின் 1983ஆம் ஆண்டுப் புதினம்.

அருண் (ரமேஷ் அரவிந்த்) தன் மனைவி லீலாவதியின் (கல்பனா) பருத்த உடலை எண்ணி வெட்கி, பிரியாவை (ஹீரா) நாடுகிறான். செய்தியறிந்த லீலாவதி குழந்தைகளையும் மாமனாரையும் பிரியாவின் வீட்டில் கொண்டுபோய் விடுகிறாள். அமெரிக்கப் படத்தின் மனைவியும் குழந்தைகளைக் கணவனிடம் விட்டுச் செல்பவளே. ஆனால் அவள் வீட்டைக் கொளுத்துகிறாள். இறுதியில் கணவனைச் சிறைக்கு அனுப்புகிறாள். தமிழ்ப் படத்தில் தீயும் இல்லை, சிறையும் இல்லை.

இங்கு ஒரு மாற்றம் நுட்பமானது. அமெரிக்கப் படத்தில் காதலியின் வீட்டிற்கு வந்து சேரும் முதியவர் அவளுடைய சொந்தத் தாய். தமிழில் அவ்விடத்தில் வருபவர் கணவனின் தந்தை. கணவன் வேண்டுமெனில் அவனைச் சார்ந்த குடும்பச் சுமையும் உடன் வரும் என்னும் கூட்டுக்குடும்ப நியாயத்தை லீலாவதி வாதமாக முன்வைப்பதில்லை. ஆட்களாகவே கொண்டுவந்து இறக்கிவிடுகிறாள். சிரிப்பு பிறக்குமிடம் இதுவே. மனைவியின் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு, அது இல்லாத வீட்டில்தான் காட்சிக்கு வருகிறது.

கிரேசி மோகனின் உரையாடலில் மருத்துவர் சக்திவேலும் (கமல்ஹாசன்) பழனியும் (கோவை சரளா) கொங்குத் தமிழில் நிகழ்த்தும் பூசல்கள் பெரிதும் பேசப்பட்டுள்ளன. அவை வெறும் துணைக்கதை அல்ல. லீலாவதி அடக்கிவைக்கும் ஐயமும் சினமும் பழனியின் வாய்வழியே உரத்து வெளிப்படுகின்றன.

எனினும் படத்திற்கு ஓர் எல்லை உண்டு. பிரியாவின் வீட்டில் அத்துணை வெளிப்படையாகக் காட்டப்பட்ட அவ்வுழைப்பு, அருண் திரும்பிய பின் யாராலும் பங்கிடப்படுவதில்லை. மீண்டும் லீலாவதியிடமே சென்று சேர்கிறது.