தள்ளுபடிப் பலகையும் தறிக்குழியும்

இரயிலில் ஆரணிக்கு வருகிறவர்கள் ஆரணியில் இறங்குவதில்லை. விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குச் செல்லும் பாதையில் 'ஆரணி ரோடு' என்று பெயர்ப்பலகை தாங்கி நிற்கும் நிலையம் உண்மையில் களம்பூரில் இருக்கிறது. அங்கே இறங்கி, பஸ்ஸையோ ஆட்டோவையோ பிடித்து, நெல் வயல்களையும் அரிசி ஆலைகளையும் கடந்து வந்தால்தான் கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஊருக்குள் நுழைய முடியும். ஊர் ஓரிடத்திலும் பெயர் வேறோரிடத்திலும் இருக்கும் இந்த விசித்திரத்தை முதன்முதல் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வூரில் நெய்யப்படும் பட்டுப்புடவைக்கும் ஏறக்குறைய அதே கதிதான் என்பதை நெசவாளர் வீதியொன்றில் ஒரு பகற்பொழுதைக் கழித்தபின் தெரிந்துகொண்டபோது அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. ஆரணிப் பட்டு என்று புவிசார் குறியீடு பெற்ற சரக்குதான். ஆயினும் இங்கிருந்து மூட்டையாகப் புறப்பட்டு, தியாகராய நகரிலோ பெங்களூரிலோ கண்ணாடி அலமாரிக்குள் ஏறி உட்காரும்போது, பல சமயங்களில் அது காஞ்சிபுரத்தில் பிறந்ததாகிவிடுகிறது.

நான் போயிருந்த வீட்டின் முன்கூடத்தில் பாதிக்கு மேற்பட்ட இடத்தைக் குழித்தறி எடுத்துக்கொண்டிருந்தது. எஞ்சிய இடத்தில் ஒரு பீரோ, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, பள்ளிக்கூடப் பைகள் இரண்டு. குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்திருந்த பெரியவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். மிதியை மாற்றி மிதித்து, நாடாவை இப்புறமும் அப்புறமும் ஓடவிட்டு, என்னோடு பேசுகிறபோதும் கண்ணைக் கரையை விட்டு எடுக்காமல் நெய்துகொண்டிருந்தார். தலைக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி. அதிலிருந்து துளையிட்ட அட்டைகள் மாலை போல் தொங்கின. அவருடைய மனைவியார் சுவரோரம் அமர்ந்து இராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். மாம்பழ நிற உடல், அரக்குக் கரை, உடல் முழுவதும் சிறு சிறு புட்டா. யார் வீட்டுப் பெண்ணோ மணவறையில் உடுத்தப்போகும் அந்தப் புடவையின் ஒரு முழத்தை என் கண் முன்னால் நெய்து முடித்தார்.

"முன்னே மூணு தறி ஓடிச்சிங்க இந்த வீட்ல. இப்ப இது ஒண்ணுதான்" என்றார். காரணம் கேட்டேன். பட்டணத்தில் பல கிளைகள் வைத்திருந்த ஜவுளிக்கடை ஒன்று இரண்டு கிளைகளை மூடிவிட்டதாம். அந்தக் கடைக்குச் சரக்குக் கொடுத்துவந்த முதலாளி, தறியில் ஏற்றும் நெடுக்கு நூலாகிய பாவு கொடுப்பதைப் பாதியாகக் குறைத்துவிட்டாராம். கடை மூடிய செய்தி உங்களுக்கு எப்பொழுது தெரிந்தது என்று நான் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன விடையை இங்கே அப்படியே எழுதுகிறேன்: "கடைய மூடிட்டோம்னு எங்களுக்கு யாரு சொல்லி அனுப்பப் போறாங்க ஐயா? பாவு வராது. அதுதான் சேதி."

சங்கிலித் தொடர்போல ஊருக்கு ஊர் கிளை பரப்பிய கடைகளும் உணவகங்களும் தள்ளாடுவதைப் பற்றிய செய்திகள் இப்போது உலகமெங்கும் சர்வசாதாரணமாகிவிட்டன. இங்கிலாந்தில் 1909-ஆம் ஆண்டிலிருந்து கடைவீதிதோறும் ஒரு கிளையென்று நின்ற உல்வொர்த்ஸ், 2009 ஜனவரியில் தன்னுடைய எண்ணூற்றுச் சொச்சம் கடைகளையும் மூடிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் தொடங்கிய டெபன்ஹாம்ஸின் கடைசிக் கடைகள் 2021 மே மாதத்தில் கதவடைத்தன. நம்முடைய சென்னையிலேயே, 1997-இல் திருவான்மியூரில் ஒரு சிறு கடையாகத் தொடங்கிய சுபிக்ஷா, நாடு முழுவதும் ஏறத்தாழ 1,600 கடைகளாகப் பெருகி, கடன் வாங்கி வளர்ந்த வேகத்துக்குக் கையிருப்பு ஈடுகொடுக்க முடியாமல், 2009-இல் அடியோடு விழுந்தது. காபி டேயின் அதிபர் சித்தார்த்தா 2019-இல் காலமான பிறகு, ஆயிரத்து எழுநூறுக்கு மேலிருந்த அதன் காபிக் கடைகள் சில ஆண்டுகளுக்குள் ஐந்நூறுக்கும் கீழே இறங்கின. கூட்டம் குறைந்தால்தான் கடை மூடப்படும் என்பதுமில்லை. 1962 முதல் சென்னையில் காரிலேயே உட்கார்ந்து இட்லி சாப்பிடும் சுகத்தைக் கொடுத்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் 2008-இல் மூடப்பட்டது வாடிக்கைக்காரர் இல்லாமல் அன்று; நிலம் அதனுடையதன்று. அந்த இடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

இவ்வாறு ஒரு பெரிய ஸ்தாபனம் விழும்போது பத்திரிகைகள் அதன் கடன் எத்தனை கோடி, வேலையிழந்த சிப்பந்திகள் எத்தனை ஆயிரம் என்று கணக்குச் சொல்லுகின்றன. சட்டமும் ஒரு கணக்குச் சொல்லுகிறது. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின்படி, கம்பெனியைக் கலைத்து வரும் பணத்தில், அந்த நடவடிக்கைக்கான செலவு போக, ஈடு பெற்றுக் கடன் கொடுத்த பாங்குகளும் தொழிலாளர்களின் 24 மாதச் சம்பள பாக்கியும் முதலில். பிறகு மற்றச் சிப்பந்திகள். பிறகு ஈடின்றிப் பணம் கடன் கொடுத்தவர்கள். பிறகு சர்க்கார் வரி. இவையெல்லாம் தீர்ந்த பின்னர் மிச்சமிருந்தால் 'ஏனைய கடன்கள்'. புடவையைக் கடனாகக் கொடுத்த ஆரணி முதலாளி அந்த 'ஏனைய' என்னும் சொல்லுக்குள் எங்கேயோ இருக்கிறார். தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரோ அதற்குள்ளும் இல்லை. அவர் கடைக்காரருக்குத் தொழிலாளியுமல்ல, கடன் கொடுத்தவருமல்ல. முதலாளியிடம் பாவும் ஊடையும் வாங்கி நெய்து கொடுத்துக் கூலி பெறுகிற ஒருவர். ஒரு நாள் பாவு வராது, அவ்வளவுதான்.

பட்டு வியாபாரத்தின் போக்கைச் சற்று விவரமாக அறிந்தால்தான் இதன் கொடுமை விளங்கும். கச்சாப் பட்டின் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. இராமநகரத்துப் பட்டுக்கூட்டுச் சந்தையில் ஏலம் ஏறினால் ஆரணியில் கணக்குப் புத்தகம் கனத்துப் போகும். ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. வெள்ளி விலையும் தங்கம் விலையும் போகிற போக்கில் அதன் விலையும் போகிறது. நூலை முறுக்கி, சாயம் தோய்த்து, பாவு ஓட்டி, ஒரு பாவுக்கு மூன்று நான்கு புடவை என்று நெசவாளி வீட்டுக்கு அனுப்புகிற வரையில் முதலாளி கைப்பணத்தையோ வட்டிப் பணத்தையோ போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். புடவை கடைக்குப் போன பிறகு பணம் திரும்பி வருவது கடைக்காரரின் சௌகரியத்தைப் பொறுத்தது. சிறு தொழில் செய்பவருக்கு 45 நாட்களுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்லத்தான் சொல்லுகிறது. ஆனால் அடுத்த முகூர்த்தத்துக்கும் அதே கடையை நம்பியிருக்கிறவர் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கடை வாசலில் போய் நிற்பாரா?

கூலி வழங்கும் நாளில் ஆரணிக் கடைவீதியைப் பார்த்திருக்கிறவர்களுக்கு மற்றொன்றும் தெரிந்திருக்கும். அன்று மாலை பிரியாணிக் கடையில் உட்கார இடம் கிடைக்காது. மளிகைக் கடைக்காரர் பழைய பாக்கியை அடித்துவிட்டுப் புதுப் பக்கம் திருப்புவார். பிள்ளைகள் கையில் பலகாரப் பொட்டலம் இருக்கும். பாவு வராத வீட்டின் பெயர் மூன்றாவது வாரத்தில் மளிகைக் கடை நோட்டில் நீளத் தொடங்குகிறது. ஐந்தாவது வாரத்தில் டீக்கடைக்காரர் பால் கொள்முதலைக் குறைக்கிறார். தியாகராய நகரில் ஒரு கிளையின் ஷட்டர் இறங்கினால், நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, அந்தக் கடையின் பெயரைக்கூடக் கேள்விப்படாத ஒரு மனிதரின் டீக்கடையில் அடுப்பு தணிகிறது. பொருளாதார சாஸ்திரிகள் இதற்கு ஏதேனும் பெயர் வைத்திருக்கக்கூடும். அந்த டீக்கடைக்காரர் "யாவாரம் டல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த கிளாசைக் கழுவப் போய்விட்டார்.

இதற்குப் பரிகாரம் என்று நம் முன்னோர் கண்டது கூட்டுறவு. கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் ஏற்பட்டது. நெசவாளர் சங்கங்களின் சரக்கை அவர்களுடைய சொந்தக் கடையிலேயே விற்பது என்பதுதான் அதன் மூலாதாரமான எண்ணம். 1953-இல் கைத்தறி தேங்கிக் கிடந்தபோது, அண்ணாதுரை முதலான தலைவர்கள் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். எதிர்முகாமில் முதலமைச்சராக இருந்த இராஜாஜியும் வேட்டியையும் புடவையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டுமென்று டில்லியோடு வாதாடினார். கட்சிகள் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறிய காலத்தில், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருடைய அபிப்பிராயமும் ஒன்றாகவே இருந்தது. 1957-இல் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடத் தலைப்பட்டபோது, கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலனின் முயற்சியால் வேலையிழந்த சிப்பந்திகளே சங்கம் அமைத்து அவற்றை எடுத்து நடத்தினார்கள். அந்தக் காபி ஹவுஸ்கள் பல ஊர்களில் இன்றும் இருக்கின்றன.

ஆனால் கூட்டுறவுக் கடையும் கடைதான். அதற்கும் வியாதிகள் உண்டு. அவற்றுள் பெரியது தள்ளுபடி என்று நான் கருதுகிறேன். தீபாவளிக்கு முப்பது சதவிகிதம் குறையும் என்பது ஜனங்களுக்குப் பாடமாகிவிட்டபடியால், குறையாத நாளில் வாங்குகிறவன் ஏமாளியென்று ஆகிவிட்டது. வருஷத்தில் சில மாதம் கூட்டம், பல மாதம் அந்துருண்டை வாசனை. குறைத்துக் கொடுத்த தொகையைச் சர்க்கார் ஈடு செய்வது தாமதப்பட்டால், சங்கம் வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகிறது. வட்டி ஏறினால் நெசவாளிக்குப் பாவு குறைகிறது. தள்ளுபடி வாங்குகிறவருக்குப் பண்டிகைப் பரிசு. அதன் பாரம் சுற்றிச்சுற்றித் தறிக்குழியில் போய் இறங்குகிறது. நிர்வாகம் சரியாக இருந்தால் ஸ்தாபனம் பிழைக்காமல் போவதில்லை என்பதற்கும் அத்தாட்சி உண்டு: 2012 முதல் 2014 வரை சகாயம் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் நஷ்டத்தில் கிடந்த கோ-ஆப்டெக்ஸ் இலாபம் காட்டிற்று. பின்னர், புடவையோடு அதை நெய்தவரின் புகைப்படத்தையும் பெயரையும் தாங்கிய அட்டையொன்றை இணைத்துக் கொடுக்கும் வழக்கமும் வந்தது. எனக்குத் தெரிந்தவரையில் கைத்தறி வியாபாரத்தில் செய்யப்பட்ட மிகப் புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

ஒரு கைத்தறிக் கடையில் நான் கண்ட காட்சியொன்றைச் சொல்ல வேண்டும். தாயும் மகளுமாக இருவர் வந்தார்கள். விற்பனைப் பெண் பன்னிரண்டு புடவைகளைப் பிரித்துப் போட்டார். தாய் ஒரு பச்சைப் புடவையின் முந்தானையைத் திருப்பி, பின்புறத்து நூலை விரலால் தடவிப் பார்த்து, "நல்லா இருக்குடி" என்றார். மகள் கைப்பேசியில் அதே பச்சை, அதே கரை, விலை மட்டும் பத்தில் ஒரு பங்கு என்று ஒன்றை எடுத்துக் காட்டி, "ஃபோட்டோல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்மா" என்றாள். சூரத்திலிருந்து வரும் செயற்கை இழைப் புடவை அது. அவள் சொன்னதில் பிழையில்லை. படத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். விற்பனைப் பெண் ஒன்றும் சொல்லாமல் பன்னிரண்டு புடவைகளையும் ஒவ்வொன்றாக மடித்து வைத்தார். மடிப்பதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

இடையில் விசைத்தறி வேறு இருக்கிறது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-இல் சட்டம் செய்தார்கள். முதலில் 22 ஆக இருந்த ரகங்கள் பின்னர் 11 ஆகச் சுருங்கின. கைத்தறித் தொழிலில் இருந்தவர்கள் 1995-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 65 இலட்சத்துக்கு மேல். 2009-10-இல் 43 இலட்சம். 2019-20-இல் 35 இலட்சம். சென்னையில் 2015 ஆகஸ்டு 7-ஆம் நாள் தேசியக் கைத்தறி தினத்தைக் கோலாகலமாகத் தொடங்கி வைத்தவர்கள், ஐந்தாண்டு கழித்து அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தார்கள். கொண்டாட ஒரு நாளும், கேட்க நாதியின்மையும்!

என் அபிப்பிராயத்தில், ஆரணியின் நோய்க்குக் காரணம் பட்டணத்துக் கடைகளின் வீழ்ச்சி மட்டுமன்று. கடை விழும், விழாத கடை உலகில் இல்லை. உட்லண்ட்ஸ் மூடப்பட்டபோது அதன் சாம்பாரைத் தேடியவர்களுக்கு எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருந்தது, ஏனெனில் அவர்களுக்குப் பெயர் தெரியும். ஆரணிப் புடவையை உடுத்திக் கல்யாணம் செய்துகொண்ட பெண்களில் எத்தனை பேருக்கு அது ஆரணியில் நெய்யப்பட்டதென்று தெரியும்? விற்ற கடை மூடப்பட்டால், வாங்கினவர் அடுத்த கடைக்குப் போவாரேயன்றி ஆரணிக்கு வரமாட்டார். சொந்தப் பெயரில் வெளியூர் போகாத சரக்கு, தன்னை விற்கிற கடையோடு சேர்ந்து மிதக்கவும் வேண்டும், மூழ்கவும் வேண்டும்.

நான் விடைபெற எழுந்தபோது, இந்தப் பாவில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பெரியவரைக் கேட்டேன். "இது முடிஞ்சா இன்னும் ஒண்ணுக்கு வரும்" என்றார். அதற்கப்புறம் என்று நான் கேட்கவில்லை. அவர் மனைவியார் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

வருகிற தை மாசத்தில் உங்கள் வீட்டில் கல்யாணமிருந்து, பட்டெடுக்கக் கடைக்குப் போவீர்களானால், விலையைக் கேட்பதற்கு முன்னால் இது எந்த ஊர்த் தறியில் நெய்தது என்று கேளுங்கள். ஆரணியென்று சொன்னால், அந்தப் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.