பழைய விமானம் கைமாறும்பொழுது

2012ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி, டில்லிக்கு அருகிலுள்ள ஹிண்டன் தளத்தில் இந்திய விமானப் படையின் ஆண்டு விழா நடைபெற்றது. அதிவேக ஜெட் விமானங்கள் பங்குகொண்ட அவ்விழாவில், இரண்டடுக்கு இறக்கைகளையுடைய சிறு விமானம் ஒன்றும் நிதானமாகப் பறந்து சென்றது. பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட 'டைகர் மாத்' விமானம் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்திய விமானிகள் பலர் பறக்கக் கற்றுக்கொண்டது இவ்வகை விமானத்தில்தான். பெங்களூரில் டாக்டர் வி. எம். காட்டகே தலைமையில் அமைக்கப்பட்டு, 1951 ஆகஸ்டு 5ஆம் தேதி முதன்முதலாகப் பறந்த எச்.டி.-2 விமானம் பின்னர் அந்தப் பயிற்சிப் பணியை ஏற்றுக்கொண்டது.

ஹிண்டனில் பறந்த விமானம் ஒரு படையின் உடைமை. ஆனால் உலகில் இன்று எஞ்சியுள்ள டைகர் மாத் விமானங்களுள் மிகப் பல, தனி மனிதர்களிடமும் பறக்கும் சங்கங்களிடமும் உள்ளன. அவை காலத்துக்குக் காலம் விற்கப்படுகின்றன, வாங்கப்படுகின்றன. பழைய மோட்டார் வண்டியை விற்பது போன்ற எளிய காரியம் அன்று இது. வண்டியில் ஒரு பாகம் முறிந்தால் சாலையோரத்தில் நிறுத்திவிடலாம். ஆகாயத்தில் அவ்வாறு நிறுத்த இயலாது. ஆகவே இவ்வகை விற்பனையில் விலையைக் காட்டிலும் முக்கியமான ஒரு வினா எழுகிறது: வாங்குவோர் உண்மையில் எதனை வாங்குகிறார்?

விமானத்தின் அமைப்பு

பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனத்தார் அமைத்த டைகர் மாத், 1931 அக்டோபர் 26ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் மொத்தம் 8,000க்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை உள்ள அகலம் சுமார் 9 மீட்டர். காலியாக இருக்கும்போது எடை சுமார் 500 கிலோகிராம். முன்புறத்திலுள்ள 'ஜிப்சி மேஜர்' எஞ்சின் நான்கு சிலிண்டர்களையுடையது, காற்றினால் குளிர்விக்கப்படுவது, 130 குதிரைச் சக்தி அளிக்க வல்லது. ஆதியில் செய்யப்பட்ட விமானங்களில் சக்கரங்களுக்குப் பிரேக் இல்லை. எஞ்சினை இயக்க, ஒருவர் முன்னே நின்று சுழல்விசிறியைக் கையால் சுழற்றிவிட வேண்டும்.

உடற்பகுதியின் சட்டம் எஃகுக் குழாய்களாலானது. இறக்கைகளின் சட்டமோ ஸ்புரூஸ் என்னும் மரத்தாலானது. இவற்றின் மேல் துணியைப் போர்த்தி, 'டோப்' என்னும் பூச்சைப் பல முறை பூசுவார்கள். பூச்சு காயும்போது துணி சுருங்கி, மத்தளத் தோலைப் போல விறைப்பாகிறது. இரண்டு அடுக்கு இறக்கைகளையும் தூண்களும் உலோகக் கம்பிகளும் ஒன்றோடொன்று பிணைத்து நிற்கின்றன.

போர் முடிந்தபின் படைகளுக்கு வேண்டாதனவாகிவிட்ட இவ்விமானங்கள் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. பல, பறக்கும் சங்கங்களுக்குச் சென்றன. ஆஸ்திரேலியாவிலும் நியூசீலந்திலும் சில, நிலங்களுக்கு எருத் தூவும் பணியில் ஈடுபட்டன. இவ்வாறு கடுமையாக உழைத்து, பின்னர் கொட்டகைகளில் கிடந்த விமானங்களையே ஆர்வலர்கள் எடுத்துப் பல ஆண்டுகள் உழைத்துப் புதுப்பிக்கின்றனர்.

துணிக்குள் மறைந்திருப்பவை

புதிய துணியும் பளபளப்பான வண்ணமும் பார்ப்போர் கண்ணைக் கவர்கின்றன. ஆனால் விமானத்தின் வலிமை அவற்றுக்கு உள்ளே இருக்கிறது. தரையில் மோதியோ, இறக்கை நுனி இடித்தோ அதிர்ச்சி ஏற்பட்டால், மரச் சட்டத்தின் இழைகள் நசுங்கி, குறுக்காக மயிரிழை போன்ற மெல்லிய வரி ஒன்று தோன்றும். அனுபவமற்ற கண்ணுக்கு அது எளிதில் புலப்படாது. எனினும் அந்த இடத்தில் மரம் தன் வலிமையைப் பெரிதும் இழந்திருக்கும். பாலிலுள்ள புரதத்திலிருந்து செய்யப்படும் கேசின் பசை முற்காலத்தில் விமானங்களில் மிகுதியாகப் பயன்பட்டது. ஈரம் பட்டால் அது நாளடைவில் கெட்டுவிடும். பூஞ்சணமும் அதனைப் பற்றும். எஃகுக் குழாய்கள் உட்புறமாகத் துருப்பிடிக்கக்கூடும்.

எஞ்சினைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. முழுப் பழுதுபார்ப்புக்குப் பின் மிகக் குறைந்த மணி நேரமே ஓடிய எஞ்சின் சிறந்தது என்று பலர் கருதுகின்றனர். ஆனால் ஆண்டுக் கணக்கில் ஓடாமல் நின்ற எஞ்சினில், எண்ணெய்ப் படலம் வடிந்துவிட, சிலிண்டர்களின் உட்சுவர் துருப்பிடிக்க இடமுண்டு. ஒழுங்காக ஓடி வந்த எஞ்சின் பல சமயங்களில் அதனினும் நம்பத்தக்கது.

ஒரு விபத்து கற்பித்த பாடம்

2013 டிசம்பர் 16ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், சவுத் ஸ்டிராட்புரோக் தீவின் அருகே கடலின் மேல் ஒரு டைகர் மாத் விமானம் பறந்துகொண்டிருந்தது. அது வித்தைகள் செய்துகொண்டிருந்தபோது இடப்புற இறக்கைகள் முறிந்தன. விமானம் கடலில் வீழ்ந்து, விமானியும் பயணியும் உயிரிழந்தனர்.

விபத்தை ஆராய்ந்த ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புக் குழுவினர், உடற்பகுதிக்குக் குறுக்கே சென்று இருபுற இறக்கைகளையும் பிணைக்கும் இரண்டு கட்டுக் கம்பிகள் முறிந்திருந்ததைக் கண்டனர். கம்பிகளின் மறையிடப்பட்ட பகுதியில், மீண்டும் மீண்டும் ஏற்பட்ட பளுவினால் உண்டாகும் உலோகக் களைப்பு விரிசல்கள் முன்னரே தோன்றியிருந்தன. இவ்வகைக் கம்பிகளுக்கு வகுக்கப்பட்டிருந்த ஆயுள் 2,000 பறக்கும் மணிகள் அல்லது 18 ஆண்டுகள். முறிந்த கம்பிகளோ அந்த எல்லையை எட்டாதவை. அவை விமானத்தோடு பிறந்த ஆதிக் கம்பிகளும் அல்ல. பிற்காலத்தில் மாற்றுப் பாகங்களாகச் செய்யப்பட்டவை.

'பாகம் மாற்றப்பட்டது' என்ற ஒரு வரி போதாது என்பதே இவ்விபத்து உணர்த்தும் பாடம். அதனைச் செய்தவர் யார், எந்த வரைபடத்தின்படி, எந்த உலோகத்தால் செய்தார், என்று பொருத்தினார், அதன்பின் எத்தனை மணி நேரம் பறந்தது என்பவையெல்லாம் தெரிய வேண்டும். பழைய விமானத்தில் 'புதியது' என்ற சொல்லும் ஆராய்ச்சிக்கு உரியதே.

பதிவேடுகளின் மதிப்பு

கண்ணால் காண முடியாத இடத்தைப் பற்றிப் பேசுவன பதிவேடுகள். உடற்பகுதிக்கும் எஞ்சினுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் வைக்கப்படுகின்றன. பறந்த மணிகள், செய்த பழுதுபார்ப்பு, மாற்றிய பாகங்கள், கட்டாயமாக நிறைவேற்ற வேண்டிய பாதுகாப்பு ஆணைகள் ஆகிய அனைத்தும் அவற்றில் கையொப்பத்துடன் பதியப்பட வேண்டும். துணி போர்த்துவதற்கு முன் எடுத்த நிழற்படங்களும் உடனிருப்பின், வாங்குவோருக்குப் பெருந்துணையாகும்.

விமானம் யாது என்பதனை மெய்ப்பிப்பதும் இந்த ஏடுகளே. பல டைகர் மாத் விமானங்கள், வெவ்வேறு விமானங்களிலிருந்து கிடைத்த பாகங்களைக் கூட்டி எழுப்பப்பட்டவை. அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதனை மறைத்து, போரில் பணிபுரிந்த குறிப்பிட்ட ஒரு விமானம் என்று விற்பது வஞ்சனையாகும்.

விற்பனையின் படிகள்

நேர்மையான விற்பனை ஓர் ஒழுங்குடன் நடைபெறும். முதலில், விற்பவரைச் சாராத, உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரை வாங்குவோர் அமர்த்துகிறார். அவர் ஏடுகளை முதலிலும், விமானத்தைப் பிறகும் பரிசோதிக்கிறார். வேண்டுமிடத்துத் துணியைத் திறந்தும் பார்க்கிறார். அடுத்து, இவ்வகை விமானத்தில் பழகிய விமானி வெள்ளோட்டம் விடுகிறார். முன்பணம், குறைகள் காணப்பட்டால் பொறுப்பு யாருடையது, விமானத்தின் மேல் கடன் உண்டா என்பவை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்படுகின்றன.

வேறு நாட்டுக்கு விற்பதாயின் மற்றொரு விதியும் உண்டு. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின்படி, ஒரு விமானம் ஒரே சமயத்தில் இரு நாடுகளில் பதிவாகி இருத்தல் செல்லாது. எனவே பழைய பதிவை நீக்கிய பின்னரே புதிய நாட்டில் பதிவு செய்யலாம். கடல்வழியே அனுப்புவதற்காகக் கழற்றப்பட்ட இறக்கைகளை மீண்டும் பொருத்தும்போது, அவற்றின் கோணங்களையும் கம்பிகளின் விறைப்பையும் அளந்து சரிசெய்ய வேண்டும். இதில் சிறு பிழை நேர்ந்தாலும் விமானம் ஒரு பக்கமாகச் சாயும். இவற்றுக்குப் பின், அந்நாட்டு அதிகாரிகளின் பறக்கும் தகுதிச் சான்றும் பெற வேண்டும்.

புதுப்பித்தவர் செலவிட்ட பணமும் உழைப்பும் விலையாக முழுவதும் திரும்பி வருவது அரிது. எஞ்சினின் நிலை, கட்டுக் கம்பிகளின் எஞ்சிய ஆயுள், துணியின் வயது, வரலாற்றின் தெளிவு ஆகியவையே விலையைப் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன. குறையை முன்கூட்டியே சொல்லும் விற்பனையாளர் சிறிது பணத்தை இழக்கலாம். அவர் மறைக்கும் குறையோ, பின்னொரு நாள் வேறொருவர் ஆகாயத்தில் இருக்கும்போது வெளிப்படக்கூடும். ஆதலின், பதிவேடுகளை ஒரு வரியும் விடாமல் நிரப்பி வாங்குவோர் கையில் ஒப்புவித்த பின்னரே, புதுப்பித்தவரின் பணி நிறைவுறுகிறது.