வீட்டை விற்று ஏறிய ஏணி: எஸ்தெபான் ஒக்கோனின் கதை

2021 ஓகஸ்ட் 1. ஹங்கேரியில் நடந்த போர்முலா வன் பந்தயத்தின் முதலாவது வளைவிலேயே பல கார்கள் ஒன்றோடொன்று மோதின. எட்டாவது இடத்திலிருந்து புறப்பட்ட ஒரு அல்பைன் கார் அதற்குள் தப்பி வெளியே வந்தது. 70 சுற்றுகளின் பின் முதலாவதாகக் கோட்டைத் தாண்டியதும் அந்தக் கார்தான். அதன் சாரதி 24 வயதான பிரெஞ்சு இளைஞர் எஸ்தெபான் ஒக்கோன்.

அதற்குப் பிறகுதான் அவரது குடும்பத்தைப் பற்றி வாசித்தேன். அதுவரை கார் பந்தயம் பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். அப்படி நினைத்ததில் பெரிய பிழையும் இல்லை.

ஒக்கோன் 1996 இல் நோர்மண்டிப் பகுதியில் உள்ள எவ்ரூ நகரில் பிறந்தவர். தகப்பன் கராஜ் நடத்திய மெக்கானிக். மகனைப் பந்தயத்தில் ஓட வைப்பதற்காகப் பெற்றோர் வீட்டை விற்றார்கள். பின்னர் கரவன் ஒன்றில் வாழ்ந்தபடி, பந்தயம் நடக்கும் ஊர்களுக்கு அதிலேயே போய் வந்தார்கள்.

வீட்டை விற்கும் அளவுக்கு அப்படி என்ன செலவு?

இந்த விளையாட்டு ஓர் ஏணி. அடிப்படி ‘கார்ட்டிங்’. நிலத்தோடு ஒட்டிய சிறிய வண்டிகளில் எட்டு வயதுக்கு முன்பே பல பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். பிறகு போர்முலா 4, போர்முலா 3, போர்முலா 2. உச்சியில் போர்முலா வன். அங்கு ஓட ‘சுப்பர் லைசன்ஸ்’ வேண்டும். அதற்கு இன்றைய விதிப்படி பொதுவாக 18 வயது நிரம்ப வேண்டும். மூன்று பருவங்களில் 40 புள்ளிகள் சேர்க்கவும் வேண்டும்.

கீழ்ப்படிகளில் சம்பளம் கிடையாது. ரயர், இயந்திரம், பயணம், அணிக்கான கட்டணம் எல்லாவற்றுக்கும் சாரதியின் பக்கத்திலிருந்தே காசு வர வேண்டும். மேலே ஏற ஏறத் தொகை மில்லியன் யூரோக் கணக்கில் போகும். எனவே திறமையுள்ள பிள்ளைக்கு ஒரு கட்டத்தில் பெரிய அணி ஒன்றோ நிறுவனமோ கைகொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் படியோடு நிற்க வேண்டியதுதான்.

ஒக்கோன் 2014 இல் ஐரோப்பிய போர்முலா 3 பட்டத்தை வென்றார். அந்தப் பருவத்தில் மூன்றாவதாக வந்தவர் மக்ஸ் வெர்ஸ்டாப்பன். ஆனால் அடுத்த வருடமே போர்முலா வன்னுக்குப் போனவர் வெர்ஸ்டாப்பன்தான். அவரது திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. அவரது பின்னால் ரெட்புல் நிறுவனமும் இருந்தது. பட்டம் வென்ற ஒக்கோனோ ஜீபி3 என்ற இன்னொரு கீழ்நிலைத் தொடரில் ஓடினார். 2015 இல் அதிலும் சம்பியன். அந்தப் பருவத்தில் அவர் முதலிடம் பெற்றது ஒரேயொரு பந்தயத்தில்தான். மற்றவற்றில் விழாமல், விடாமல் புள்ளி சேர்த்தே பட்டத்தை எடுத்தார். அந்த நேரத்தில் மெர்சிடிஸ் அவரைத் தன் பொறுப்பில் எடுத்திருந்தது.

2016 ஓகஸ்டில் மனோர் அணியில் இடம் கிடைத்தது. அது இந்தோனேசியாவின் ரியோ ஹரியாந்தோ இழந்த இடம். ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய தொகையை ஹரியாந்தோ தரப்பால் திரட்ட முடியவில்லை.

அதே காற்று இரண்டு வருடத்தில் ஒக்கோன் பக்கமும் திரும்பியது. அவர் ஓடிய போர்ஸ் இந்தியா அணி 2018 இல் கடனில் மூழ்கியது. கனேடியச் செல்வந்தர் லோரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையிலான குழு அதை வாங்கியது. அடுத்த பருவத்தில் அவரது மகன் லான்ஸ் அந்த அணிக்கு வந்தார், ஒக்கோனுக்கு இடமில்லை. 2019 முழுவதும் மெர்சிடிஸின் மேலதிக சாரதியாக இருந்து, மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2020 இல் ரெனோ அணி அழைத்தது. அதுவே மறுவருடம் அல்பைன் எனப் பெயர் மாறியது. பிறகுதான் ஹங்கேரி வெற்றி.

காணி உறுதியை ஈடுவைத்து, தாலிக்கொடியை அடகுவைத்து ஒரு பிள்ளையை வெளியே அனுப்பிய வீடுகள் எங்கள் ஊர்களில் எத்தனையோ. அந்தப் பிள்ளையின் தோளில் இருக்கும் பாரம் எங்களுக்குத் தெரியும். அதனாலேயே இந்தக் கதை எனக்கு நெருக்கமானது.

ஆனாலும் இதை ‘முயன்றால் முடியும்’ என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. ஒக்கோன் ஏறிய காலத்தில் உச்சியில் இருந்தவை இருபது இருபத்திரண்டு இருக்கைகள்தான். வீட்டை விற்றும் பிள்ளை பாதிப்படியில் நின்றுபோன குடும்பங்களின் பெயர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. ஒக்கோனின் பெற்றோரை மெச்சும்போது அவர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.